நஜியா பார்க்காத காடு

"கடலூர்ல பொறந்து பிச்சாவரம் பாக்காதவ நான் ஒருத்திதான்டி."

"ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனப்ப உனக்கு அம்மை போட்டிருந்துச்சு. அதுக்கு நான் என்னக்கா பண்றது?"

"காலேஜ்ல அத்தா விடல. இப்ப கல்யாணம் ஆயிடுச்சு."

"அதான் மச்சான் இருக்காரே, கேளு. கூட்டிட்டுப் போவாரு."

"போவாரு. கூடவே மாமி, ரெண்டு நாத்தனாரு, ஒரு அண்டா பிரியாணி, பாப்பாவுக்குத் தொட்டிலு எல்லாம் வரும். எனக்கு அது வேணாம் சாய்ரா. தனியாப் போவணும். நானே ஓட்டிக்கிட்டு. சிதம்பரத்துல எறங்கி ஒத்தையா ஒரு டேபிள்ல உக்காந்து இட்லியும் கொத்சும் சாப்பிடுவேன். அங்கயே ஃபோனை ஆஃப் பண்ணிடுவேன். அப்புறம் நேரா காடு."

"என்னையும் கூட்டிட்டுப் போவ மாட்டியா?"

"பி.காம். படிக்கிறே. தனியான்னா என்னன்னு தெரியாதா?"

நஜியா அன்றைக்குத் தன் புது லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருந்த தன் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். திருட்டுக் கோழி மாதிரி இருக்கிறேன் என்றாள். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போன வேகத்தில் திரும்பாமல் போனாள்.

அந்தப் பேச்சை சாய்ரா யாரிடமும் சொன்னதில்லை. ஐந்து வருடம் கழித்து, நேற்று இரவு சோறு பரிமாறும்போது, மச்சான் முகம்மது ஆசிக்கிடம் மெதுவாகக் கேட்டாள்.

"வண்டியை நாளன்னிக்குத்தானே கொண்டுபோறாங்க? நாளைக்கு ஒரு நாள் நான் எடுத்துக்கிட்டுப் போறேன் மச்சான்."

"எங்க?"

"பிச்சாவரம்."

"யாரு கூட?"

"தனியா."

ஆசிக்கின் கை சோற்றில் அப்படியே நின்றது. "அவளும் இதையேதான்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. எழுந்து போய்ச் சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

நஜியாவுக்காக வாங்கிய வண்டி அது. வெள்ளை நிறத்தில் சின்னக் கார். திட்டக்குடியிலிருந்து செந்தமிழ்செல்வன் என்பவர் வந்து பார்த்து, பேசி முடித்துவிட்டுப் போயிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் அது பழைய வண்டி. சாய்ராவுக்கு அப்படி இல்லை. அவர்கள் குடும்பத்தில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. அக்காவை அடக்கிய மண்ணை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அக்காவிடம் போய்க் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்றால் அவளுக்கு இருந்த ஒரே இடம் அந்த டிரைவர் சீட்டுதான். அதுவும் நாளையோடு போகிறது.

நஜியா போன மறு வருடம் அத்தா அப்துல் வதூது, "புள்ளைக்கு வேற யாரும்மா இருக்கா?" என்று மட்டும்தான் கேட்டார். யாரும் வற்புறுத்தவில்லை. சாய்ராவேதான் ஆசிக்கைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். குழந்தை ரிஃபா அப்போதே சாய்ராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். அக்காவின் கணவராக இருந்தபோதும் ஆசிக்கை அவள் மச்சான் என்றுதான் கூப்பிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகும் அதே மச்சான்தான். அவள் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மாற்றியது அவர்தான். முன்பெல்லாம் நஜியாவைக் கூட்டிப்போக முதுநகர் அத்தா வீட்டுக்கு வந்தால், கேட்டில் பைக்கை நிறுத்தும்போதே, "சாய்ரா! டீ போடு, உங்கக்கா போடுற டீயைக் குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார். கல்யாணமான முதல் வாரத்தில் இரண்டு முறை அவளை "நஜியா" என்று கூப்பிட்டுவிட்டார். இரண்டாவது தடவை அவள் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு மறுபடி தவறிவிடுமோ என்று பயந்து, எந்தப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். "இங்க பாரு" என்பார். "கேட்டியா" என்பார். அன்புக்குக் குறைவில்லை. அவளுக்குத் தலைவலி என்றால் கடையை மூடிவிட்டு வந்துவிடுவார். ஆனால் பெயர் வர வேண்டிய இடத்தில், ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன நிறுத்தம் வரும். மூச்சை இழுத்துப் பிடித்தாற்போல. சாய்ரா நாலு வருடமாக அந்த நிறுத்தத்துக்குள்தான் குடியிருந்தாள்.

என் பேரைச் சொல்லுங்க என்று கேட்டுவிடலாம். கேட்டால், அக்கா பேரை விட்டுடுங்க என்று கேட்பதுபோல் ஆகிவிடாதா? அதனால் கேட்டதில்லை.

*

காலையில் புறப்படும்போது மாமியார் மெகருன்னிசா கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். "நஜியா, என் கண்ணாடிய எங்க வெச்சே?"

"உங்க தலையில இருக்கு மாமி."

"அதானே பாத்தேன்."

மாமிக்கு வயதாகிவிட்டது, பழைய பெயர்தான் வாயில் நிற்கிறது. சாய்ராவும் திருத்துவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

ரிஃபா பள்ளிச் சீருடையில் காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பின்கதவைத் திறந்தாள், மூடினாள். "சின்னம்மா, காட்டுல முதலை இருக்குமா?"

"முதலை இல்ல. நண்டு இருக்கும்."

"அப்ப அம்மா பயப்பட மாட்டாங்க," என்றாள் ரிஃபா. சாய்ரா அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஆசிக் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "தண்ணி எடுத்துக்கிட்டியா? ஆலப்பாக்கம்கிட்ட ரோடு வேலை நடக்குது. மெதுவாப் போ..."

அந்த நிறுத்தம் வந்தது. அவள் காத்திருந்தாள். "பாத்துப் போ," என்று முடித்தார்.

சாய்ரா சீட்டை முன்னால் இழுத்தாள். நஜியாவுக்கு நீளக் கால். ஒவ்வொரு முறையும் இவள் தன் காலுக்கு எட்டும்படி இழுத்து வைப்பாள். அடுத்த முறை ஏறும்போது சீட்டு அக்காவின் அளவுக்குப் பின்னால் போயிருக்கும். ஆசிக்கும் உயரம், நடுவில் அவர் ஓட்டியிருப்பார், அதுதான் காரணம். தெரியும். தெரிந்தாலும் உட்கார்ந்தவுடன் கால் எட்டாமல் போகும் அந்த ஒரு நொடியில், யாரோ இப்போதுதான் எழுந்து போன இடத்தில் உட்கார்ந்தாற்போல் இருக்கும்.

சாவியைத் திருப்பியதும் வண்டியின் திரையில் 'ஆசிக்' என்று வந்தது. பக்கத்தில் நிற்கும் அவர் ஃபோனை அது பிடித்துக்கொண்டது. அந்தத் திரைக்கு இரண்டே பெயர்கள்தான் தெரியும். ஆசிக், நஜியா. சாய்ரா தன் ஃபோனை அதில் சேர்த்ததே இல்லை.

நஜியாவின் ஃபோன் இன்னும் வீட்டில் இருக்கிறது. அலமாரியில் துணிகளுக்கு அடியில். அந்த எண் போய்விடக் கூடாது என்று ஆசிக் அதற்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்கிறார். ரிஃபா அதற்குச் சார்ஜ் ஏற்றி, அம்மாவின் படங்களைப் பார்ப்பாள். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

தெரு திரும்பியதும் 'ஆசிக்' மறைந்தது.

*

தை மாத வெயில் இதமாக இருந்தது. புதுச்சத்திரம் தாண்டியதும் சவுக்குத் தோப்புகள் சாலையோடு கூடவே ஓடிவந்தன. அறுவடை முடிந்த வயல்களில் கொக்குகள் நின்றன. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போனது. அதன் பின்னால் பொறுமையாகப் போகும்போது, "ஹாரன் அடிடி, தூங்குறான் அவன்," என்று நஜியா சொல்வது போலிருந்தது. சாய்ரா ஹாரன் அடித்தாள். டிராக்டர் ஒதுங்கியது.

"பாத்தியா?" என்றாள் சாய்ரா, வாய்விட்டு. பக்கத்து சீட்டில் தண்ணீர் பாட்டிலும் கைப்பையும்தான் இருந்தன.

வெள்ளாற்றுப் பாலத்தில் தண்ணீர் இருபுறமும் கண்ணைக் கூசச் செய்தது. சிதம்பரத்தில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே கீழ வீதிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினாள். ஓட்டலில் ஒத்தையாக ஒரு மேசை பிடித்து உட்கார்ந்தாள். கத்தரிக்காய்க் கொத்சு புளிப்பாகவும் காரமாகவும் இருந்தது. நஜியாவுக்குக் காரம் ஆகாது, கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சாய்ரா காரம் தின்பவள். ஆனால் இன்று அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு, அக்கா சொன்னபடியே தன் ஃபோனை ஆஃப் செய்து பைக்குள் போட்டாள்.

வண்டிக்கு வந்து சாவியைத் திருப்பினாள். திரை வெளிச்சமானது. தேடியது. பிறகு, பச்சைப் புள்ளியோடு ஒரு பெயர் வந்து நின்றது.

நஜியா.

சாய்ராவின் கை சாவியிலேயே இருந்தது. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினாள். மறுபடியும் அதே பெயர்.

பாட்டு எதுவும் வரவில்லை. பேச்சும் வரவில்லை. ஆனால் அந்தப் பக்கம் யாரோ ரிசீவரை எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பதுபோல் ஸ்பீக்கரில் ஒரு மெல்லிய இரைச்சல் இருந்தது. அது எப்போதும் இருக்கும் இரைச்சலா, இன்றைக்கு மட்டுமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அவளுக்குப் புரியாமல் இல்லை. இது வேலை செய்ய வேண்டுமென்றால் ஃபோன் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். வீட்டில் ஆசிக்கின் ஃபோன் பக்கத்தில் இருந்ததால் அதைப் பிடித்தது, இங்கே அவர் இல்லாததால் இதைப் பிடித்துவிட்டது. அவ்வளவுதான். சீட்டுக்கு அடியில் கையை விட்டால் கிடைத்துவிடும்.

அவள் கையை விடவில்லை. ஃபோன் தானாக நடந்து வந்து வண்டியில் ஏறாது. யாரோ வைத்திருக்க வேண்டும். யார் வைத்திருப்பார்கள்? நேற்று இரவு சோற்றில் நின்ற அந்தக் கை நினைவுக்கு வந்தது. அவளும் இதையேதான் கேட்டாள். கேட்டவளையே அனுப்பி வைத்திருக்கிறார். சாய்ரா வெறும் டிரைவர். நஜியா ஆசைப்பட்ட பயணத்துக்கு நஜியாவை அழைத்துப்போக ஓர் ஆள்.

அப்படி நினைத்ததைவிட, அக்கா உண்மையிலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நம்புவது எளிதாக இருந்தது. "சரி வா," என்றாள். பக்கத்து சீட்டிலிருந்த பையை எடுத்துப் பின்னால் போட்டாள்.

கிள்ளை போகும் சாலையில் வண்டி குறைவு. வலையைத் தோளில் போட்டு சைக்கிளில் போன இருவர், உப்புக்காற்று, வழியில் எங்கோ கருவாடு காயும் வாசனை. சாய்ரா பேசிக்கொண்டே ஓட்டினாள். ரிஃபாவுக்குப் பல் விழுந்ததை, மாமிக்குக் கண் ஆபரேஷன் செய்ததை, செந்தமிழ்செல்வன் டயரை உதைத்து உதைத்துப் பார்த்ததை. ஆசிக்கைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவருக்கு எண்ணெய் வைக்கத் தெரியாமல் ரிஃபாவின் தலையிலிருந்து நெற்றிவரை வழியவிட்டு, அப்பாவும் மகளும் ஒரே துண்டால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் அவர்மேல் தனக்கு ஆசை வந்தது என்பதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? அவர் உன்னுடையவர் என்று நினைத்துக்கொண்டே, அவரோடு குடும்பம் நடத்துகிறேன் என்பதை?

ஸ்பீக்கர் இரைந்துகொண்டே இருந்தது.

*

படகுத் துறைக் கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார். "பேரு?"

"நஜியா."

வார்த்தை வெளியே வந்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. மாற்றிச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் எழுதிவிட்டு, "எத்தனை பேரு?" என்றார்.

"ஒருத்திதான். முழுப் படகுக்கும் குடுத்துடறேன்."

துடுப்புப் படகுக்காரர் லூர்துசாமிக்கு ஐம்பது வயது இருக்கும். சீட்டை வாங்கிப் படித்துவிட்டு இரண்டு லைஃப் ஜாக்கெட்டை நீட்டினார். "வாங்க நஜியாம்மா. அவுங்க எங்க?"

"யாரு?"

"கார்ல பேசிக்கிட்டே வந்தீங்களே. மரத்தடியில நிறுத்துன பொறகும் பேசிக்கிட்டு இருந்தீங்க. பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

"யாரும் இல்ல."

"ஃபோனா? அதானே. எங்க வீட்டுலயும் அப்படித்தான், செவுத்தப் பாத்துச் சிரிக்குது எம் பொண்ணு." ஒரு ஜாக்கெட்டைத் திரும்பப் படகில் போட்டார். அது அவளுக்கு எதிர்ப்பக்கப் பலகையில், யாரோ சாய்ந்து உட்கார்ந்ததுபோல் நிமிர்ந்து நின்றுகொண்டது.

அகலமான நீர்ப்பரப்பைத் தாண்டி, படகு ஒரு குறுகலான வாய்க்காலுக்குள் நுழைந்தது. வெளிச்சம் சட்டென்று பச்சையாகியது. இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள் கிளையிலிருந்து இறங்கி, முழங்காலை மடக்கி, தண்ணீருக்குள் கால் வைத்து நின்றன. மேலே கிளைகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கூரையாகிவிட்டன. துடுப்பு தண்ணீரைத் தொடும் சத்தம், எங்கோ ஒரு மீன் துள்ளும் சத்தம். வேறு எதுவுமில்லை. இவ்வளவு கிட்டத்தில் இவ்வளவு பெரிய மௌனம் இத்தனை வருடமாகக் காத்திருந்ததா?

"நஜியாம்மா, தலையக் குனிங்க."

அவள் குனிந்தாள். கிளை முதுகுக்கு மேலே உரசிப் போனது. நிமிர்ந்தபோது அந்தப் பெயர் வேர்களுக்கிடையே இன்னும் எங்கோ போய்க்கொண்டிருப்பதுபோல் தோன்றியது.

"அந்த இலையத் தொடாதீங்க நஜியாம்மா. தில்லை மரம். பாலு கண்ணுல பட்டா ஒரு வழி ஆக்கிடும்." லூர்துசாமி துடுப்பால் அதைத் தள்ளிவிட்டார். "சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேரு வந்ததே இதாலதாங்குறாங்க. இப்ப ஊருக்குள்ள போய்த் தேடிப் பாருங்க, மரத்தைக் காணோம். மரம் இங்க நிக்குது, பேரு அங்க இருக்கு."

சாய்ரா எதிரே நிமிர்ந்து நின்ற அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டைப் பார்த்தாள். மாமி நஜியா என்கிறார். கவுண்டர் சீட்டு நஜியா என்கிறது. இந்தக் காட்டுக்கு அவள் நஜியா. வண்டியின் திரைக்கு அவளைத் தெரியவே தெரியாது. இப்படியே வீட்டுக்குப் போய் இறங்கினால் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியப்போவதில்லை. அவள் போய் அக்கா வந்துவிட்டாள் என்று ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். முதல்முறையாகப் பயம் வந்தது. இறந்தவளைப் பார்த்து அல்ல. தன்னைத் தேடிப் பார்த்து, கிடைக்காத பயம்.

"அண்ணே," என்றாள். "என் பேரு..."

"சொல்லுங்கம்மா?"

தன் பெயரைத் தானே சொல்லி எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தாள். "ஒண்ணுமில்ல. திரும்பலாம்."

*

மரத்தடியில் வண்டி கொதித்துப் போயிருந்தது. உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். பச்சைப் புள்ளி. நஜியா.

"பாத்துட்டியாக்கா?" என்றாள் சாய்ரா. "நல்லா இருந்துச்சா?"

மணி அடித்தது.

வண்டி முழுக்க, நாலு ஸ்பீக்கரிலும் அடித்தது. திரையில் நஜியாவின் பெயர் போய், அவள் அந்த ஃபோனில் சேமித்து வைத்திருந்த பெயர் வந்தது: மச்சான். சீட்டுக்கு அடியில் ஏதோ அதிர்ந்தது. சாய்ரா குனிந்து கையை விட்டாள். துணி தட்டுப்பட்டது. ரிஃபாவின் பூப்போட்ட சின்ன முக்காட்டில் சுற்றி, மேலே ரப்பர் பேண்டு போட்டு, அக்காவின் ஃபோன்.

ரப்பர் பேண்டு. அது ரிஃபா தலையில் போடும் சிவப்பு ரப்பர் பேண்டு. அவர் வைக்கவில்லை.

ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானை அழுத்தினாள்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. ஐந்து வருடமாக யாரும் எடுக்காத எண். இன்று எடுத்துவிட்டார்கள்.

"நீதானே?" என்றார் ஆசிக். குரல் உடைந்திருந்தது.

"யாருன்னு நெனச்சீங்க?"

"உன் ஃபோன் ஆஃப்னு வந்துச்சு. எத்தனை வாட்டி அடிச்சேன் தெரியுமா? கடையிலேருந்து ஓடியாந்துட்டேன். பாப்பா மத்தியானம் ஸ்கூல் விட்டு வந்து இப்பதான் சொல்றா, இதை வண்டியில வெச்சேன்னு. எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது."

அவருக்குப் பின்னாலிருந்து ரிஃபா கத்தினாள். "சின்னம்மா! அம்மா காட்டப் பாத்தாங்களா? அத்தா நேத்து சொன்னாரு, அம்மாவும் போவணும்னு சொன்னாங்கன்னு! அதான் ஏத்திவுட்டேன்!"

"பாத்தாங்கடா," என்றாள் சாய்ரா. "நல்லாப் பாத்தாங்க."

"பயந்துட்டேன்," என்றார் ஆசிக் மெதுவாக. "அவளும் அப்படித்தான், ஆஸ்பத்திரிக்குப் போனா, வரல. நீயும்... அந்த வண்டி வேணும்னா வெச்சுக்கலாம். திட்டக்குடிக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ வந்துடு..."

அங்கே வந்தது. அந்த நிறுத்தம். மூச்சை இழுத்துப் பிடிக்கும் அந்தச் சின்ன இடைவெளி. இத்தனை நாள் அதை எதிரே நின்று பார்த்திருக்கிறாள். இன்று நாலு பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தும் அதைக் கேட்டபோது, அதற்குள் இருந்தது அக்கா இல்லை என்று தெரிந்தது. அதற்குள் அவர் மட்டும்தான் இருந்தார். தவறிவிடுவோமோ என்று பயந்துபோய், வாயை மூடிக்கொண்டு, அவளைப் போலவே தனியாக.

"வரேன் மச்சான். அதுக்கு முன்னாடி உங்கள ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

சாய்ரா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கால் பிரேக்கை நன்றாக எட்டியது.

"என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. வாய் தவறி அக்கா பேரு வந்தா வரட்டும், நான் ஒண்ணும் ஆயிட மாட்டேன். திருத்திக்கிட்டு மறுபடி கூப்பிடுங்க. முன்ன கேட்டுல நின்னு கத்துவீங்களே, அப்படி. என்னை சாய்ரான்னு கூப்பிடுங்க மச்சான்."